ஓர் அமெரிக்க நாவலாசிரியரின் இளமையை எழுதும் முறை: மார்க் ட்வைனை முன்வைத்து

மதுரைக் கல்லூரிகளின் ஆங்கில இலக்கியத் துறைகளிலும் வாசகர் வட்டங்களிலும், அமெரிக்க எழுத்தாளர் ஒருவரின் வாழ்க்கையைப் பற்றித் தமிழில் கட்டுரை எழுதவோ உரையாற்றவோ வேண்டியிருப்பவர்கள் பலர். அவர்களில் கணிசமானோர் மார்க் ட்வைனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சிறுவர் கதைகளின் வழியாக முன்பே அறிமுகமானவர் என்பது காரணமாக இருக்கலாம். ஆனால் அவருடைய இளமைக்காலத்தைப் பற்றி நம்மிடையே எழுதப்படுபவை பெரும்பாலும் ஒரே வார்ப்பில் வந்துவிடுகின்றன: ஏழைக் குடும்பம், ஆற்றங்கரை, குறும்பு, தந்தையின் மரணம், உழைப்பு, புகழ். புகழில் நின்றுகொண்டு பின்னால் திரும்பிப் பார்த்து, அந்தப் புகழுக்குப் பொருந்துவனவற்றை மட்டும் பொறுக்கி எடுப்பதால் வரும் குறை இது. இளமைக்காலத்தை, அதை வாழ்ந்தவன் வாழ்ந்த திசையிலேயே, அடுத்த ஆண்டு என்ன நேரும் என்று அறியாத ஒருவனின் வாழ்க்கையாகவே எழுதிச் செல்வதற்கான வழிமுறையை இங்கே விளக்குகிறேன். ட்வைனை எடுத்துக்காட்டாகக் கொண்டாலும், ஃபாக்னரையோ ஸ்டைன்பெக்கையோ எழுத விரும்புவோருக்கும் இம்முறை பொருந்தும்.

முதலில் எல்லையை வகுத்தல்

எந்த ஆண்டில் தொடங்கி எந்த ஆண்டில் நிறுத்துவது என்பதை எழுதத் தொடங்குவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். பின்னாளில் மார்க் ட்வைன் எனப்பட்ட சாமுவேல் லாங்ஹோர்ன் க்ளெமென்ஸ் (சாம்) 1835 நவம்பர் 30 அன்று மிசூரி மாநிலத்தில் ஃபுளோரிடா என்னும் சிற்றூரில் பிறந்தான். இந்தப் பெயரைப் பார்த்ததும் தென்கிழக்கு மூலையிலுள்ள ஃபுளோரிடா மாநிலத்தில் பிறந்ததாக எழுதிவிடுகிறவர்கள் உண்டு. முதல் பத்தியிலேயே கட்டுரையின் நம்பகத்தன்மை போய்விடும். ஏழு பிள்ளைகளில் ஆறாவதாக, குறைமாதத்தில் பிறந்த நோஞ்சான் குழந்தை அவன். 1839இல், அவனுக்கு நான்கு வயது நிறையும் வேளையில், குடும்பம் மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள ஹானிபலுக்குக் குடிபெயர்ந்தது. பிறந்த ஆண்டில் ஹாலி வால்மீன் தோன்றியதும், 1910இல் அவர் இறந்த வேளையில் அது மீண்டும் வந்ததும் உண்மையே. ஆயினும் அதைக் கட்டுரையின் முதல் வாக்கியமாக வைக்க வேண்டாம். உலகம் முழுவதும் எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள், பிள்ளையைப் பற்றி அது எதுவும் சொல்வதுமில்லை.

முடிவு எல்லைக்கு இரண்டு ஆண்டுகள் பொருத்தமானவை: புனைபெயர் முதன்முதலாக அச்சான 1863, அல்லது எழுத்தைத் தம் தொழிலாக அவர் ஏற்றுக்கொண்ட 1865. நான் இரண்டாவதைப் பரிந்துரைப்பேன். காரணத்தை உரிய இடத்தில் சொல்கிறேன்.

ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு தேதிகள்

இம்முறையின் முதுகெலும்பு இதுதான். ஒரு நோட்டை எடுத்து, பக்கத்தை நெடுக்காக நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் நிகழ்ச்சி, இரண்டாவதில் அது நடந்த தேதி, மூன்றாவதில் அதை நமக்குச் சொல்லும் சான்று எழுதப்பட்ட தேதி, நான்காவதில் அதை எழுதியவர் யார், அப்போது அவருக்கு வயது என்ன. இரண்டாவது பத்திக்கும் மூன்றாவது பத்திக்கும் இடையிலான தொலைவு எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவுக்குச் செய்தியைக் கவனமாகக் கையாள வேண்டும்.

ட்வைன் விஷயத்தில் இது வெறும் சம்பிரதாயம் அன்று. அவர் தம் தன்வரலாற்றின் பெரும்பகுதியை 1906 முதல், எழுபது வயதுக்கு மேல், சுருக்கெழுத்தாளரிடம் வாய்மொழியாகச் சொல்லிப் பதிவு செய்தார். இளமையில் நடந்தது, நடக்காதது ஆகிய இரண்டையுமே தம்மால் நினைவில் வைத்திருக்க முடிந்தது என்று அவரே கேலியாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் கேலியை முழு எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர் புனைபெயரைப் பெற்ற கதையைப் பாருங்கள். ஐசையா செல்லர்ஸ் என்னும் முதிய கப்பல் தலைவர் அந்தப் பெயரில் எழுதிவந்ததாகவும், அவர் இறந்தபின் பெயரைத் தாம் எடுத்துக்கொண்டதாகவும் 1883இல் வெளிவந்த மிசிசிப்பி நினைவுநூலில் ட்வைன் எழுதினார். நோட்டில் தேதிகளை நிரப்பிப் பாருங்கள். ‘மார்க் ட்வைன்’ என்னும் கையொப்பம் நெவாடாவின் ‘டெரிட்டோரியல் என்டர்பிரைஸ்’ நாளிதழில் முதலில் வந்தது 1863 பிப்ரவரி 3. செல்லர்ஸ் இறந்தது 1864. உயிரோடிருந்தவரிடமிருந்து வாரிசுரிமையாகப் பெயர் வந்திருக்க முடியாது. மூன்றாவது பத்தியை நிரப்பாமல் விட்டவர்கள் இந்தக் கதையை இன்றும் அப்படியே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

தந்தையின் மரணமும் இதே வகை. ஜான் மார்ஷல் க்ளெமென்ஸ் 1847 மார்ச் 24 அன்று நிமோனியாவால் இறந்தார். அப்போதே தம்மைப் பள்ளியிலிருந்து நிறுத்தி அச்சகத்தில் சேர்த்துவிட்டார்கள் என்று ட்வைன் முதுமையில் சொன்னார். ஆனால் ஜோசப் அமென்ட்டின் ‘மிசூரி கூரியர்’ அச்சகத்தில் சாம் பயிலுநராகச் சேர்ந்தது 1848இல்தான். இடையில் ஓராண்டு இருக்கிறது. அந்த ஓராண்டில் பள்ளியும் இருந்தது, சில்லறை வேலைகளும் இருந்தன. ஒரே நாளில் பிள்ளைப்பருவம் அறுந்துபோனது என்று எழுதுவது உருக்கமாக இருக்கும். நடந்தது படிப்படியான நழுவல்.

இணையத்தில் உலவும் மேற்கோள்களுக்கும் இந்த நோட்டே உரைகல். பதினான்கு வயதில் தந்தையை அறிவிலி என்று எண்ணியதாகவும், இருபத்தொரு வயதில் பார்த்தால் ஏழே ஆண்டுகளில் அவர் எவ்வளவு கற்றுக்கொண்டிருக்கிறார் என்று வியந்ததாகவும் ட்வைன் பெயரில் ஒரு மேற்கோள், தந்தையர் தினம் வந்தால் தமிழிலும் புலனக் குழுக்களைச் சுற்றி வருகிறது. தந்தை இறந்தபோது சாமுக்கு வயது 11. இதற்கு மேல் எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை.

உள்நாட்டுப் போரைப் பற்றியும் ஒரு வரி. 1861இல் அவர் தென்தரப்புச் சார்புள்ள ஓர் உள்ளூர்த் தன்னார்வப் படையில் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் இருந்துவிட்டு விலகினார். 1885இல் அதைப் பற்றி எழுதியபோது, இருளில் குதிரையில் வந்த அயலான் ஒருவனைத் தம் குழு சுட்டுக் கொன்றதாக விவரித்தார். அந்தக் கொலைக்கு வேறு சான்று கிடைக்கவில்லை. கட்டுரையில் அதைச் சேர்க்கலாம்; ‘1885இல் அவர் எழுதியபடி’ என்னும் தொடரோடு மட்டுமே சேர்க்க வேண்டும்.

சான்றுகளைத் தேடும் இடம்

மதுரையில் உட்கார்ந்துகொண்டு மிசூரியைப் பற்றி மூலச்சான்றுகளுடன் எழுத முடியுமா என்னும் தயக்கம் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு நியாயமானது, இப்போது இல்லை. பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பான்கிராஃப்ட் நூலகம் ட்வைனின் கையெழுத்துப் பிரதிகளையும் கடிதங்களையும் காத்துவருகிறது. அதன் மார்க் ட்வைன் திட்டம், கடிதங்களையும் தன்வரலாற்றையும் விரிவான குறிப்புகளோடு பதிப்பித்து, கட்டணமின்றி இணையத்திலும் வைத்திருக்கிறது. 1853 முதல் 1866 வரையிலான கடிதங்களின் தொகுதியே உங்கள் முதல் நூலாக இருக்கட்டும். பிறகே தன்வரலாறு. அதன் முழுப் பதிப்பு, அவர் இறந்து நூறாண்டு கழித்து, 2010, 2013, 2015 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வந்தது. கதையின் விறுவிறுப்புக்காகத் தன்வரலாற்றிலிருந்து தொடங்கினால், முதியவரின் குரல் காதில் ஏறிக்கொள்ளும்; பிறகு பதினேழு வயதுப் பையனின் கடிதங்களைப் படித்தாலும் அந்தக் குரலிலேயே கேட்கும்.

வாழ்க்கை வரலாறுகளில், ஆல்பர்ட் பிகலோ பெயின் 1912இல் வெளியிட்டது முதல் விரிவான வரலாறு. ட்வைனின் கடைசி ஆண்டுகளில் உடனிருந்த அன்பர் எழுதியது என்பதால் செய்திகள் மிகுதி, ஐயம் குறைவு. இளமைக்காலத்தை மட்டும் ஊர் ஆவணங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தவர் டிக்சன் வெக்டர். அவர் 1950இல் மறைந்தபின், 1952இல் அந்நூல் வெளிவந்தது. உங்கள் தலைப்புக்கு இதுவே நெருக்கமானது.

அச்சுநூல்களுக்கு, புது நத்தம் சாலையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் ஆங்கிலப் பிரிவில் முதலில் பார்க்கலாம். அமெரிக்கன் கல்லூரியின் டேனியல் பூர் நினைவு நூலகம் பழமையான தொகுப்பை உடையது. வெளியார் தக்க அறிமுகத்துடனும் முன்னனுமதியுடனும் செல்வது முறை. மொழிபெயர்ப்பு மென்பொருளில் இட்டு எடுத்த தமிழ்ப் பக்கங்களைச் சான்றாகக் கொள்ளவே வேண்டாம். அவற்றில் உறவுமுறைகள் மாறிவிடும். மூத்த சகோதரி பமேலா தங்கையாகவும், தம்பி ஹென்றி அண்ணனாகவும் ஆகிவிடுவார்கள்.

நாவலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாதிருத்தல்

‘டாம் சாயர்’ 1876இலும் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ இங்கிலாந்தில் 1884இலும் அமெரிக்காவில் 1885இலும் வெளிவந்தன. இவற்றின் ஊர், ஹானிபலின் சாயல் கொண்டது என்பதில் ஐயமில்லை. ஊர்க்குடிகாரனின் மகனான டாம் பிளாங்கன்ஷிப் என்னும் பையனை வைத்தே ஹக்கை உருவாக்கியதாக ட்வைன் சொன்னார். பெக்கி தாட்சர் பாத்திரத்துக்கு, எதிர்வீட்டுச் சிறுமி லாரா ஹாக்கின்ஸ் முன்மாதிரி. இதுவரை சரி. ஆனால் இங்கிருந்து திரும்பிச் சென்று, ‘சாம் வேலிக்கு வெள்ளையடிக்கும் வேலையை நண்பர்களிடம் தந்திரமாகத் தள்ளிவிட்டான்’ என்று எழுதினால், நாவலை எடுத்து வாழ்க்கையில் ஒட்டியதாகிவிடும். வாழ்க்கையிலிருந்து நாவலுக்குப் போகும் வழி திறந்திருக்கிறது. நாவலிலிருந்து வாழ்க்கைக்கு வரும் வழியை நீங்களே அடைத்துவிடுங்கள்.

இதில் வஞ்சகமான இடம், நாவல் என்று பெயரிடாத நூல்களே. 1875இல் இதழ்த் தொடராக எழுதிய ஆற்று நினைவுகளில், கப்பலோட்டியிடம் தொழில் பழகும் ‘நான்’ உலகம் அறியாத விடலைப் பையனாகத் தெரிகிறான். உண்மையில் 1857இல் ஹொரேஸ் பிக்ஸ்பியிடம் சேர்ந்தபோது அவருக்கு வயது 21. நியூயார்க்கையும் ஃபிலடெல்ஃபியாவையும் பார்த்துவிட்டு வந்த, கைத்தொழில் தெரிந்த ஆள். நகைச்சுவைக்காக அவர் தம் வயதைக் குறைத்துக்கொண்டார், நாம் குறைக்கலாகாது.

அச்சுக்கூடத்துக்கு நிறைய இடம் ஒதுக்குங்கள்

நம் கட்டுரைகளில் ஆறு பல பக்கங்களைப் பிடித்துக்கொள்கிறது, அச்சுக்கூடம் ஒரு வரியில் கடந்துபோகிறது. என் கணிப்பில் இந்த விகிதம் தலைகீழாக இருக்க வேண்டும். ஆற்றில் அவர் கழித்தது நான்கு ஆண்டுகள். அச்செழுத்துகளோடு கழித்தது அதைவிட நீண்ட காலம், அதுவும் மொழி உருப்பெறும் பதின்பருவத்தில்.

ஹானிபலில் அப்போது பத்திரிகை நடத்துவது என்றால், ஊர்ச்செய்தி பாதி, மற்ற ஊர்ப் பத்திரிகைகளிலிருந்து வெட்டி எடுத்துக் கோர்ப்பது மீதி. பயிலுநருக்குச் சம்பளம் கிடையாது. உணவும் உடையும் மட்டும், அந்த உடையும் முதலாளியின் பழைய உடை என்று தன்வரலாற்றில் சொல்கிறார். 1851இல் சாம், பத்து வயது மூத்த அண்ணன் ஓரியனின் பத்திரிகைக்கு மாறினான். அவ்வாண்டு ஜனவரியில், தீப்பிடித்த வேளையில் கையில் கிடைத்ததை எல்லாம் தூக்கிக்கொண்டு ஓடிய அச்சகப் பையன் ஒருவனைப் பற்றிச் சிறிய கேலிச் சித்திரம் ஒன்று அதில் வந்தது. அவன் எழுதி அச்சானவற்றில் முதலாவதாக அறியப்படுவது அதுவே. 1852 மே மாதம் பாஸ்டனின் ‘கார்ப்பெட் பேக்’ என்னும் நகைச்சுவை வார இதழ் அவனுடைய ஒரு கதையை வெளியிட்டது. வயது 16.

இந்தத் தொழிலைத் தமிழ் வாசகருக்கு விளக்க, மதுரைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஆஃப்செட் வருவதற்கு முன் ஈய எழுத்தைக் கையால் கோர்த்த கம்பாசிட்டர்கள் இந்நகரில் ஏராளமாக இருந்தார்கள். கல்யாணப் பத்திரிகையும் திருவிழா நோட்டீசும் கணக்குப் புத்தகமும் அவர்கள் கையால் உருவானவை. அவர்களில் முதியவர் ஒருவரைத் தேடிச் சென்று, மரியாதையாக அமர்ந்து கேளுங்கள். எழுத்துப் பெட்டியில் எந்த எழுத்து எந்த அறையில் இருக்கும் என்பதைக் கண்ணால் பார்க்காமல் கை எப்படி அறிந்தது, எழுத்துகளை வரியாக அடுக்கும் ஸ்டிக் என்னும் கைச்சட்டத்தில் வரி நிறையாதபோது இடைவெளியை எப்படிப் பங்கிட்டார்கள், இடவலம் மாறிய எழுத்தைப் படிக்கக் கண் எப்படிப் பழகியது, கையெழுத்துப் பிரதியிலுள்ள பிழையைத் தாமே திருத்தினார்களா என்று விசாரியுங்கள். அவர் சொல்வதைக் கட்டுரையில் அப்படியே போட வேண்டியதில்லை. ஆனால் ஒரு வாக்கியத்தை எழுத்தெழுத்தாக எடுத்து அடுக்குகிறவன், அதில் தேவையற்ற சொல் எது என்பதைக் கைநோவாகவே உணர்கிறான் என்பதை அந்த உரையாடலுக்குப் பிறகு நீங்கள் நம்பிக்கையோடு எழுதுவீர்கள்.

ஒரு புகைப்படத்தையும் மறக்காமல் சேர்க்க வேண்டும். 1850இன் இறுதியில் எடுக்கப்பட்ட, டாகரோடைப் என்னும் பழைய உலோகத் தகட்டுப் படத்தில், பதினைந்து வயதுச் சாம் அச்சுக்கோர்க்கும் ஸ்டிக்கை இடுப்பருகே பிடித்திருக்கிறான். அதில் அவனுடைய பெயரின் மூன்று ஆங்கில எழுத்துகள் பெரிய அச்சில் நிற்கின்றன. அந்நாளைய டாகரோடைப் படம் இடவலம் மாறித்தான் பதியும். அச்செழுத்தும் இடவலம் மாறியது. ஆகவே படத்தில் பெயர் நேராகப் படிக்கிறது. அவன் காலத்திலேயே, அவனைக் கண்முன் வைத்தே பதிவான சான்று இது. இரண்டு தேதிகளும் ஒன்றாக இருக்கும் அரிய பொருள்.

1853இல், பதினேழு வயதில், அவர் ஊரைவிட்டுக் கிளம்பினார். முதலில் அக்காள் பமேலா வாழ்க்கைப்பட்டிருந்த செயின்ட் லூயிஸ், பிறகு நியூயார்க், ஃபிலடெல்ஃபியா. கிடைத்துள்ளவற்றில் மிகப் பழைய கடிதம், அவ்வாண்டு ஆகஸ்ட் 24 அன்று நியூயார்க்கிலிருந்து தாய்க்கு எழுதியது. அடுத்த கடிதமொன்றில், அச்சுத்தொழிலாளருக்கென்று நகரில் இரண்டு இலவச நூலகங்கள் இருப்பதாகவும், மாலைகளை அங்கே கழிக்கலாம் என்றும் எழுதுகிறார். பள்ளிப்படிப்பு குறைந்த ஒருவர் எப்படிப் படித்தவரானார் என்னும் கேள்விக்கு, ‘வாழ்க்கையே அவருக்குப் பள்ளி’ என்னும் தேய்ந்த வரியைவிட இந்த நூலகச் செய்தி நல்ல பதில்.

அடிமைமுறையைச் சுற்றிப் போகாதீர்கள்

மிசூரி 1821இல் அடிமைமுறையை அனுமதிக்கும் மாநிலமாகவே ஒன்றியத்தில் சேர்ந்தது. ஹானிபலிலிருந்து பார்த்தால் ஆற்றின் அக்கரையில் தெரிவது இல்லினாய், அடிமைமுறை இல்லாத மாநிலம். மதுரை வாசகருக்கு இதை விளக்கும்போது வைகையை நினைவூட்டலாம் என்று தோன்றும், வேண்டாம். வைகையில் தண்ணீர் ஓடாத மாதங்களில் யாரும் எந்தப் பக்கத்துக்கும் நடந்து போகலாம். மிசிசிப்பி அகலமான, ஆழமான, நீராவிக் கப்பல்கள் ஓடும் ஆறு. அங்கே அது சட்ட எல்லையாகவும் இருந்தது. அக்கரைக்கு ஓடியவரைப் பிடித்துக் கொடுத்தால் வெகுமதியும், மறைத்து வைத்தால் தண்டனையும் உண்டு.

சாமின் தந்தை அமைதி நீதிபதியாகப் பணியாற்றியவர், ஊரில் மதிப்புள்ளவர், நேர்மையாளர் என்று பெயரெடுத்தவர். டென்னசியில் பல்லாயிரம் ஏக்கர் நிலத்தை வாங்கிப் போட்டுவிட்டு, அது ஒருநாள் குடும்பத்தை உயர்த்தும் என்று காத்திருந்தவர். பணமுடை வந்தபோது, குடும்பத்தில் வேலை செய்துவந்த ஜென்னி என்னும் அடிமைப் பெண்மணியை விற்றவரும் அவரே. 1841இல், அடிமைகளைத் தப்புவிக்க முயன்ற மூன்று அடிமைமுறை எதிர்ப்பாளர்களைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்துப் பன்னிரண்டு ஆண்டுச் சிறைக்கு வழிவகுத்த ஜூரியிலும் அவர் இருந்தார். இவை எல்லாவற்றையும் ஒரே பத்தியில் எழுதுங்கள். நல்ல மனிதர் என்பதை ஒரு பக்கத்திலும் அடிமையை விற்றவர் என்பதை வேறொரு பக்கத்திலும் வைத்தால், இரண்டும் ஒரே ஆள் என்பது வாசகருக்கு உறைக்காது. பள்ளிப்பருவத்தில் அடிமைமுறையில் தவறு இருப்பதாகவே தமக்குத் தெரியாது என்று ட்வைன் தன்வரலாற்றில் ஒப்புக்கொள்கிறார். ஊரில் யாரும் அதைத் தவறு என்று சொல்லவில்லை, திருச்சபையும் சொல்லவில்லை.

சித்தப்பா முறையான ஜான் குவார்ல்ஸின் பண்ணையில் கோடை மாதங்களைக் கழித்தபோது, அங்கு அடிமையாக இருந்த டேனியல் என்பவர் சொன்ன கதைகளைச் சாம் கேட்டான். கதை சொல்லும் முறையை, எங்கே நிறுத்துவது, எங்கே தணிப்பது என்பதை, அங்கேதான் முதலில் அறிந்தான் என்று துணிந்து எழுதலாம். ட்வைனே பலமுறை அதைக் குறிப்பிட்டிருக்கிறார். வீட்டில் வாடகைக்கு அமர்த்தியிருந்த சாண்டி என்னும் அடிமைச் சிறுவன் ஓயாமல் பாடுவதைப் பொறுக்காமல் சாம் தாயிடம் முறையிட்டான். அந்தச் சிறுவன் தன் தாயை இனி ஒருபோதும் பார்க்கப் போவதில்லை, பாடும்வரை அவளை நினைக்காமல் இருக்கிறான் என்று பொருள், பேசாமல் இருந்தால்தான் நான் அஞ்ச வேண்டும் என்று ஜேன் க்ளெமென்ஸ் பதில் சொன்னார். அந்தத் தாயும் அடிமைமுறையை எதிர்த்தவர் அல்லர்.

இப்போது 1853 ஆகஸ்ட் கடிதத்துக்குத் திரும்புங்கள். அதில், கிழக்கு மாநிலங்களில் கறுப்பின மக்கள் நடத்தப்படும் விதத்தைக் கண்டு எரிச்சலுற்ற பதினேழு வயது இளைஞர் இழிவான சொற்களை எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலில், தப்பியோடும் அடிமையான ஜிம் என்னும் பாத்திரத்தைப் படைத்தவர் இப்படி எழுதியிருக்கலாமா என்று மனம் கூசி அதை நீக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நீக்கினால், அவர் எங்கிருந்து புறப்பட்டார் என்பதே மறைந்துவிடும். பிறகு எவ்வளவு தூரம் நடந்தார் என்று அளக்க வழியிராது.

அமெரிக்கா என்றால் ஒன்றே என்று எண்ணும் பழக்கம் மதுரையில் சற்று அதிகம். அதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கு வந்த அமெரிக்க மதுரை மிஷன், பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட திருச்சபை அமைப்பின் கிளை. அமெரிக்கன் கல்லூரியின் வேர் அதில்தான் இருக்கிறது. நமக்குத் தெரிந்த அமெரிக்கர்கள் வடகிழக்குப் பகுதியின் கல்விமான்கள். சாம் வளர்ந்ததோ எல்லைப்புற அடிமை மாநிலம். அதே வேளையில், நம் கைகள் தூயவை என்பதுபோலவும் எழுத வேண்டாம். கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப்பகுதியில் அடிமைமுறைக்குச் சட்ட ஏற்பில்லை என்று ஆக்கியது 1843இல்தான். அப்போது சாமுக்கு ஏழு வயது. நோட்டின் ஓரத்தில் இப்படி ஒரு மதுரைப் பத்தியையும் வைத்துக்கொண்டால், காலம் நம் வாசகருக்குப் பிடிபடும். சாம் ஹானிபல் தெருக்களில் ஓடித் திரிந்த ஆண்டுகளில்தான் கலெக்டர் பிளாக்பர்ன் இங்கே கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்துக்கொண்டிருந்தார். மதுரைக்கு ரயில் வந்தது 1875. ‘டாம் சாயர்’ அதற்கு மறு ஆண்டு. இவற்றைக் கட்டுரையில் ஓரிரு இடங்களுக்கு மேல் பயன்படுத்த வேண்டாம்.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு சிக்கலையும் தீர்த்துக்கொள்ள வேண்டும்: எப்போது ‘அவன்’, எப்போது ‘அவர்’? ‘மார்க் ட்வைன் பிறந்தார், அவர் நான்கு வயதில் ஹானிபலுக்குச் சென்றார்’ என்று எழுதினால், தொட்டிலில் கிடக்கும்போதே குழந்தைக்குப் பொன்னாடை போர்த்தியாகிவிடுகிறது. பின்னோக்கி எழுதும் குறை இலக்கணத்திலேயே நுழைந்துவிடுகிறது. ஊரைவிட்டுச் செல்லும்வரை சாம், அவன். 1853க்குப் பின் க்ளெமென்ஸ், அவர். 1863க்குப் பின்பே ட்வைன். முதுமையில் எழுதியவற்றைக் குறிப்பிடும்போது மட்டும் எங்கும் ‘ட்வைன்’ என்றே சொல்லலாம். இக்கட்டுரையிலும் அவ்வாறே செய்திருக்கிறேன். இதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. நீதிபதிக்கு ‘அவர்’ போட்டுவிட்டு, ஜென்னிக்கு ‘அவள்’ என்றும் டேனியலுக்கு ‘அவன்’ என்றும் எழுதுவதை நம் கட்டுரைகளில் தொடர்ந்து பார்க்கிறேன். ஆண்டை வீட்டு இலக்கணம் அது. வயது வந்தவர் எவராயினும் ‘அவர்’ என்றே எழுதுங்கள்.

ஆறும் ஹென்றியும்

கப்பலோட்டும் காலத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருப்பதால் நீங்கள் சுருக்கமாகவே செல்லலாம். பயிற்சிக் கட்டணம் 500 டாலர். செயின்ட் லூயிஸிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் வரை ஏறத்தாழ 1,200 மைல் நீர்வழியை, பகலிலும் இரவிலும், மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் மனப்பாடம் செய்ய வேண்டும். 1859 ஏப்ரலில் உரிமம் கிடைத்தது. 1861இல் போர் வந்து ஆற்றுப் போக்குவரத்தை நிறுத்தியது.

ஹென்றியின் மரணத்தில் மட்டும் நின்று எழுதுங்கள். தம்பிக்கு ‘பென்சில்வேனியா’ என்னும் கப்பலில் வேலை வாங்கிக் கொடுத்தவர் க்ளெமென்ஸ். அதே கப்பலில் பணிபுரிந்த கப்பலோட்டி ஒருவரோடு தம்பியின் பொருட்டுக் கைகலப்பு ஏற்பட்டு, க்ளெமென்ஸ் வேறு கப்பலுக்கு மாற நேர்ந்தது. 1858 ஜூன் 13 அன்று, மெம்ஃபிஸுக்குக் கீழே, ‘பென்சில்வேனியா’வின் கொதிகலன்கள் வெடித்தன. ஹென்றி ஜூன் 21 அன்று இறந்தான். 20 வயது நிறையவில்லை. ஜூன் 18 அன்று, தம்பியின் படுக்கையருகே இருந்த நாட்களில், அண்ணி மோலிக்கு க்ளெமென்ஸ் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. தன்வரலாற்றிலோ, விபத்துக்கு முன்பே ஹென்றியை உலோகச் சவப்பெட்டியில் கனவில் கண்டதாக ஒரு நீண்ட விவரிப்பு வருகிறது. கடிதத்தில் கனவு இல்லை. கனவு வந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. கடிதத்தை முதலில் தாருங்கள், கனவைப் பிறகு, அது சொல்லப்பட்ட ஆண்டோடு தாருங்கள். அரை நூற்றாண்டுக்குப் பின்னும் அந்தப் படுக்கையைவிட்டு அவர் எழவில்லை என்பது வாசகருக்குத் தானாகவே புலப்படும். அதை நீங்கள் ஒரு வாக்கியமாக எழுதத் தேவையில்லை.

நிறுத்தும் இடம்

1861 ஜூலையில், நெவாடா ஆட்சிப்பகுதிக்குச் செயலராக லிங்கன் அரசால் நியமிக்கப்பட்ட ஓரியனோடு க்ளெமென்ஸ் மேற்கே சென்றார். வெள்ளிச் சுரங்கத்தில் பணம் தேடித் தோற்று, 1862இல் வர்ஜீனியா சிட்டியில் நிருபரானார். பலர் 1863இன் புனைபெயரோடு முடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அன்று அது ஒரு நாளிதழ் நிருபரின் கையொப்பம் மட்டுமே. அதைப் போட்டவருக்கே அதன் கனம் தெரியாது. 1865 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஓரியனுக்கும் மோலிக்கும் எழுதிய கடிதத்தில்தான், தமக்கு இலக்கியத்தின்பால், அதுவும் தாழ்ந்த வகையான நகைச்சுவையின்பால் ஓர் அழைப்பு இருப்பதை ஒப்புக்கொள்கிறார். மதபோதகராகவோ கப்பலோட்டியாகவோ ஆகவே ஆசைப்பட்டதாகவும் அதில் சொல்கிறார். அப்போது வயது 29. அடுத்த மாதம், நவம்பர் 18 அன்று, தாவும் தவளையைப் பற்றிய கதை நியூயார்க்கின் ‘சாட்டர்டே பிரஸ்’ இதழில் வந்து நாடெங்கும் பரவியது.

கட்டுரையானால் அக்டோபர்க் கடிதத்தோடு நிறுத்துங்கள். தவளைக்கதையின் வெற்றியை எழுதத் தொடங்கினால் அது அடுத்த அத்தியாயம். உரையானால், கேட்பவர்கள் எப்படியும் தவளையைப் பற்றிக் கேட்பார்கள் என்பதால் அதைக் கேள்வி நேரத்துக்கு ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். நாற்பது நிமிட உரைக்கு அச்சுக்கூடமும் அடிமைமுறையும் சேர்ந்து இருபது நிமிடம் எடுத்துக்கொண்டால் தவறில்லை. மேடையில் நோட்டையும் கையில் வைத்திருங்கள். ‘இது உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று எழுந்து கேட்கும் ஒருவர் மதுரைக் கூட்டங்களில் தவறாமல் இருப்பார், அவருக்கு மூன்றாவது பத்தியைப் படித்துக் காட்டலாம்.